ஸ்டாடின் மாத்திரை, தொடை வலி, உடற்பயிற்சி: ஓர் உடற்கல்வி ஆசிரியரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அவருக்கு வயது 56. தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இளமையில் கபடி ஆடியவர். பள்ளி அணிக்கு இன்றும் அவர்தான் பயிற்சியாளர். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை. ஆனால் அவருடைய தந்தை ஐம்பது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளில் மாரடைப்பில் இறந்திருக்கிறார். "நான் தினமும் ஓடுகிறவன், எனக்கு எதுவும் வராது" என்ற நம்பிக்கையில் கொலஸ்ட்ராலை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

ஒரு நாள் காலை மைதானத்தில் நெஞ்சு அழுத்தியது. இதயத்தின் முன்பக்கத் தமனியில் அடைப்பு. அன்றே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 148. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், மெட்டோபுரோலால், ராமிபிரில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாடின் 80 மி.கி. ஆகிய ஐந்து மாத்திரைகளோடு வீடு திரும்பினார். மூன்று மாதத்தில் எல்.டி.எல். 68 ஆனது. நடையில் தொடங்கி, மெல்ல ஓட்டத்துக்கும் இறகுப்பந்துக்கும் வந்துவிட்டார். எட்டு மாதம் வரை தசையில் எந்தத் தொந்தரவும் இல்லை. இந்த எட்டு மாதம் முக்கியமானது; பின்னால் வந்த முடிவுகளில் பாதி இதிலிருந்துதான் பிறந்தது.

மாரடைப்பு வந்த ஒருவருக்கு ஸ்டாடின் என்பது விரும்பினால் சாப்பிடும் மாத்திரை அல்ல. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளைச் சுமார் ஐந்தரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. அதன்பின் வந்த பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் அதே திசையில்தான் போயின. எனவே இவருடைய தசையைக் காப்பாற்றுவதற்காக இதயத்தைக் கைவிட முடியாது. இதயத்தைக் காட்டித் தசை வலியை அலட்சியப்படுத்தவும் முடியாது. ஒரு பொது மருத்துவராக என் முன் இருந்த சிக்கல் இதுதான்.

வலி தொடங்கிய விதம்

ஒன்பதாவது மாதத்தில் இரண்டு தொடைகளும் ஒரே நேரத்தில் கனக்கத் தொடங்கின. மைதானத்துப் படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடி தேவைப்பட்டது. குந்தி உட்கார்ந்தால் எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்த முடியாமல், மாணவன் ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறார். அவரை அதிகம் வருத்தியது இந்தக் கடைசி விஷயம்தான்.

வயதாகிவிட்டது என்று முதலில் நினைத்தார். பிறகு ஓர் ஆய்வகத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். அறிக்கையில், ஈரலுக்காகப் பார்க்கும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 118, எஸ்.ஜி.பி.டி. 71 என்ற இரண்டு எண்களும் கறுப்பெழுத்தில் இருந்தன. ஈரல் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்ல, ஒரு வாரம் காலையில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். அதே நாட்களில், கொலஸ்ட்ரால் மாத்திரை தசையைத் தின்றுவிடும் என்ற வாட்ஸ்அப் செய்தி ஒன்று சக ஆசிரியரிடமிருந்து வந்தது. மாத்திரையை நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தவரை, "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்" என்று மனைவி அழைத்து வந்தார். அந்த அம்மையாரின் பிடிவாதம்தான் இந்த நிகழ்வின் போக்கை மாற்றியது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பையில் இருந்த அட்டை

"வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சார்?" என்று கேட்டேன்.

"இதயத்துக்கு உள்ளதுதான் டாக்டர். வேறு எதுவும் இல்லை."

மனைவி கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்க்கச் சொன்னேன். இதய மாத்திரைகளின் அட்டைகளுக்கு நடுவே, ரப்பர் பேண்ட் போட்ட வேறோர் அட்டை விழுந்தது. இட்ராகோனசோல் 200 மி.கி. காப்ஸ்யூல். பத்தில் மூன்று மிச்சம் இருந்தது.

"இது அரிப்புக்கு" என்றார், கொஞ்சம் தயங்கி.

தொடை இடுக்கில் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று; அதற்கான மருந்துதான் இட்ராகோனசோல். நாளெல்லாம் வியர்வையில் நனைந்த உடையோடு மைதானத்தில் நிற்பவருக்கு அது வருவதில் வியப்பில்லை. பக்கத்து ஊரில் தோல் மருத்துவர் ஒருவர் நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அரிப்பு முழுதாகப் போகாததால், பழைய அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் மேலும் வாங்கியிருக்கிறார். ஐந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொடை கனத்தது மூன்றாவது வாரத்தில். தோல் மருத்துவரிடம் இதய மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. என்னிடம் படர்தாமரையைப் பற்றிச் சொல்லாததற்குக் கூச்சம் ஒரு காரணம். இது ஒரு மருந்தாகவே அவர் மனதில் பதியாதது இன்னொரு காரணம்.

அட்டோர்வாஸ்டாடினை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பெருமளவு செய்வது ஈரலிலும் குடலிலும் உள்ள சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதி. இட்ராகோனசோல் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. விளைவாக, விழுங்கும் மாத்திரையின் அளவு மாறாமலேயே இரத்தத்தில் அட்டோர்வாஸ்டாடினின் மொத்த அளவு மூன்று மடங்குக்கு மேலும் உயரக்கூடும். இவ்விரண்டும் சேரும்போது அட்டோர்வாஸ்டாடின் நாளொன்றுக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. சிம்வாஸ்டாடினோடு சேர்க்கவே கூடாது. இவர் சாப்பிட்டது 80 மி.கி.

இப்படி இரு மருந்துகள் மோதித் தசை அழிந்த கதை புதிதல்ல. செரிவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் 2001இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. தசை சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து பலர் இறந்ததே காரணம். அவர்களில் கணிசமானோர் ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து எடுத்தவர்கள். இப்போது நம் ஊரில் அந்த ஆபத்து தோல் நோயின் வழியாக வருகிறது. எளிதில் மசியாத படர்தாமரை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பரவியிருக்கிறது. ஒரு காலத்தில் களிம்போடு முடிந்த நோய்க்கு இன்று வாரக்கணக்கில் இட்ராகோனசோல் தேவைப்படுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் ஸ்டாடின் எடுக்கிறார்கள். இரண்டும் ஒரே உடலில் சந்திக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பரிசோதனையில் கண்டவை

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறை உடலை முன்னுக்கு வீசி எழுந்தார். தொடைத் தசைகளை அழுத்தினால் இருபுறமும் வலித்தது. தோள்களிலும் இலேசான பலவீனம். கணுக்கால், மணிக்கட்டு எல்லாம் உறுதியாக இருந்தன. உணர்ச்சிக் குறைவு இல்லை. உடலின் நடுப்பகுதிக்கு அருகிலுள்ள பெரிய தசைகள் இருபுறமும் சமமாகத் தளர்வது தசை நோயின் அடையாளம். நரம்புக் கோளாறோ முதுகெலும்புத் தேய்மானமோ பெரும்பாலும் இப்படி வராது.

தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கசியும் நொதியான கிரியேட்டின் கைனேஸ், அதாவது சி.கே., 2,860. அந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பு சுமார் 200. சிறுநீர் வழக்கமான நிறத்தில் இருந்தது. தசை சிதையும்போது சிறுநீரில் வரும் மயோகுளோபின் என்ற புரதத்துக்கான அறிகுறி இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1, பொட்டாசியம் இயல்பு. ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றம் இல்லை, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் உயரவில்லை. தைராய்டு இயல்பு. தைராய்டு குறைவாகச் சுரந்தாலே சி.கே. உயரும், ஸ்டாடினையும் உடல் தாங்காது. ஆகவே தசை வலியோடு வரும் எவருக்கும் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

ஈரல் கெட்டுவிட்டது என்று அவரைப் பயமுறுத்திய எண்களுக்கும் இங்கே விடை கிடைத்தது. எஸ்.ஜி.ஓ.டி.யும் ஓரளவு எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலும் உள்ளவை. தசை செல்கள் உடையும்போது அவையும் இரத்தத்தில் கசியும். ஈரலின் மற்றக் குறியீடுகளான பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் இயல்பாக இருந்ததால், ஈரலைக் குறை சொல்லக் காரணம் இல்லை. கீழாநெல்லியை நிறுத்தலாம் என்றேன்.

கடும் உடற்பயிற்சியே சி.கே.யை ஆயிரக்கணக்கில் ஏற்றும் என்பதால் அதையும் விசாரித்தேன். கால் கனத்ததிலிருந்து அவர் ஓட்டத்தையும் இறகுப்பந்தையும் விட்டுவிட்டார். ஆக, இந்த 2,860 பயிற்சியால் வந்ததல்ல.

அன்று எடுத்த முடிவுகள்

அட்டோர்வாஸ்டாடின், இட்ராகோனசோல் இரண்டையும் அன்றே நிறுத்தினோம். இட்ராகோனசோலை மட்டும் நிறுத்திவிட்டு ஸ்டாடினைத் தொடர்ந்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. இரண்டு காரணங்களால் அது சரிப்படவில்லை. சி.கே. இயல்பின் பத்து மடங்கைத் தாண்டினால் ஸ்டாடினை நிறுத்துவதே பொதுவான நெறி. தவிர, இட்ராகோனசோல் உடலை விட்டு முழுதாக நீங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை நொதி கட்டுண்டே கிடக்கும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாத்திரையை நிறுத்துங்கள் என்றால், எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. புதிய ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிராபத்து.

மருத்துவமனையில் சேர்க்கவில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தது, சிறுநீர் நிறம் மாறவில்லை, வீடு பக்கத்தில். நிறையத் தண்ணீர் குடிப்பது, மைதானத்தில் நிற்பதைத் தவிர்ப்பது, வலி மாத்திரையைக் கடையில் வாங்காமல் இருப்பது என்று சொன்னேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, இரவானாலும் கிளம்பி வர வேண்டும்.

படர்தாமரைக்காக அந்தத் தோல் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் உடனே நிலைமையைப் புரிந்துகொண்டார். டெர்பினாஃபின் என்ற வேறொரு பூஞ்சை மாத்திரைக்கு மாறலாமா என்று யோசித்தோம். அது 3ஏ4 நொதியைத் தொடாது; ஆனால் நாடித் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலாலை உடைக்கும் வேறொரு நொதியைத் தடுக்கும், நாடித் துடிப்பு மிகக் குறைந்துவிடலாம். எனவே லூலிகோனசோல் களிம்பு மட்டும். கூடவே உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவது, பயிற்சி முடிந்ததும் ஈர உடையை மாற்றிவிடுவது.

உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்த கோஎன்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரை டப்பாவும் பையில் இருந்தது. ஸ்டாடின் தசை வலியை அது குறைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைத்ததில்லை. அந்தப் பணத்தைப் பழத்துக்கும் பருப்புக்கும் செலவிடச் சொன்னேன். வைட்டமின் டி 16 ஆக இருந்தது. எலும்புக்காக அதைச் சரிசெய்தோம், தசை வலிக்காக அல்ல. 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புதிதாக ஸ்டாடின் தொடங்கிய 2,083 பேரில் வைட்டமின் டி எடுத்தவர்களும் மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களும் ஒரே அளவில், இரு பக்கமும் 31 சதவீதம், தசைத் தொந்தரவு சொன்னார்கள்.

பின் வந்த வாரங்கள்

சி.கே. ஒரு வாரத்தில் 1,140 ஆனது. மூன்று வாரத்தில் 310, ஆறு வாரத்தில் 168. படிக்கட்டுக் கைப்பிடியை விட்டுவிட்டார். மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்திய அன்று மாலை, அதைச் சொல்வதற்காகவே தொலைபேசியில் அழைத்தார்.

எண்கள் இப்படி இறங்கியது ஒரு பெரிய கவலையையும் தீர்த்தது. மிக அரிதாக, ஸ்டாடினால் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே தசைக்கு எதிராகத் திரும்பிவிடும். அவர்களுக்கு மாத்திரையை நிறுத்தினாலும் சி.கே. இறங்காது, பலவீனம் கூடிக்கொண்டே போகும், ஸ்டாடின் தடுக்கும் எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேட வேண்டியிருக்கும். லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவது. இவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

ஆனால் எல்.டி.எல். ஏறத் தொடங்கிவிட்டது. மூன்றாவது வாரத்திலேயே, ஸ்டாடின் அல்லாத கொலஸ்ட்ரால் மருந்தான எசெட்டிமைப் 10 மி.கி. தொடங்கியிருந்தும், ஆறாவது வாரத்தில் 121. மாரடைப்பு வந்து ஓராண்டு முடியாதவருக்கு இந்தியாவின் இதயவியல் வழிகாட்டுதல் வைத்திருக்கும் இலக்கு 55க்குக் கீழ்.

மறுபடி தொடங்குவதா

"இனி அந்த மாத்திரை வேண்டாம் டாக்டர்" என்றார் மனைவி. "இவரைக் கூட்டி வந்ததே நான்தான். நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள், வலி சரியானது. மறுபடியும் எதற்கு?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டது வேறு: "எனக்கு வந்தது கற்பனை வலி இல்லையே?"

இல்லை. 2,860 கற்பனை அல்ல. அதை முதலில் தெளிவாகச் சொன்னேன். ஸ்டாடின் எடுப்பவர் வலி என்றாலே, அதெல்லாம் மனப்பிரமை என்று அனுப்பிவைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருமுறை அனுப்பினால் அந்த நோயாளி திரும்ப வர மாட்டார். மாத்திரையையும் தொட மாட்டார். இவருக்கு நடந்தது உண்மையான தசைச் சேதம். அதற்குக் காரணம் இரு மருந்துகளின் மோதல். அட்டோர்வாஸ்டாடினை மட்டும் எடுத்த எட்டு மாதம் தசை எந்தக் குறையும் சொல்லவில்லை என்பதே சாட்சி.

அடுத்து எண்களைச் சொன்னேன். 2022இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட 19 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஏறக்குறைய 1,24,000 பேர். தசை வலியோ பலவீனமோ சொன்னவர்கள் ஸ்டாடின் பக்கம் 27.1 சதவீதம், போலி மாத்திரைப் பக்கம் 26.6 சதவீதம். ஸ்டாடினால் கூடுதலாக வந்த சிறு அளவு வலியும் பெரும்பாலும் முதல் ஆண்டில்தான் வந்தது. நடுவயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு, மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எங்காவது வலிக்கிறது. இந்த எண் மனைவியை யோசிக்க வைத்தது. "எனக்கே முட்டி வலி இருக்கிறது, நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை" என்றார்.

மறுபடி தொடங்க, ரோசுவாஸ்டாடின் என்ற வேறொரு ஸ்டாடினை 5 மி.கி. அளவில் தேர்ந்தெடுத்தோம். உடலை விட்டு வெளியேற அது 3ஏ4 நொதியை நம்பியிருப்பதில்லை. ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரு மடங்கு உயர்வதால், 5 மி.கி.யில் தொடங்கவே மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. எசெட்டிமைப் கூடவே தொடர்ந்தது. இதய மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது வலி

இரண்டரை வாரம் கழித்து மறுபடி தொடை வலி. அவர் ரோசுவாஸ்டாடினைத் தானே நிறுத்திவிட்டு, மறுநாள் வந்தார். முகத்தில் பயம் தெரிந்தது. சி.கே. 438.

இந்த முறை வலியின் தன்மை வேறாக இருந்தது. தொடையின் முன்பக்கம் மட்டும் வலித்தது. இறங்கும்போது அதிகம், ஏறும்போது குறைவு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார். பலவீனம் இல்லை. முந்தைய வாரம் என்ன செய்தீர்கள் என்று நாள்வாரியாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கபடி அணித் தேர்வு நெருங்குகிறது என்று, உடல் தேறிய உற்சாகத்தில் மாணவர்களோடு சேர்ந்து தண்டாலும் பஸ்கியும் எடுத்திருக்கிறார். எத்தனை என்றால், "ஒரு நூறு இருக்கும் டாக்டர், அப்போதெல்லாம் ஐந்நூறு எடுப்பேன்." இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்ந்து கிடந்த தொடைகள் அவை.

பஸ்கியில் கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு இப்படிப்பட்ட வேலைதான் அதிகச் சேதம் தரும். ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்கு வரும், சி.கே. அதன்பிறகும் ஏறிக்கொண்டிருக்கலாம். மாத்திரையே சாப்பிடாத இருபது வயது இளைஞனுக்கும் இது நடக்கும்.

பஸ்கியால்தான் என்று சொல்லி, அதே நாளில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லியிருக்கலாம். மருத்துவ ரீதியாக அது தவறில்லை. ஆனால் அவர் நம்பியிருக்க மாட்டார். ஒருமுறை உண்மையாகவே அடிபட்டவரிடம் நம் ஊகத்தை அறிவுரையாகக் கொடுத்துப் பயனில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

வலிப் பதிவேடு

இதற்கு முன்மாதிரி லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வு, 2020இல் வெளியானது. பக்கவிளைவு என்று சொல்லி ஸ்டாடினைக் கைவிட்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். நான்கு மாதம் ஸ்டாடின், நான்கு மாதம் போலி மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை. எந்த மாதத்தில் ஸ்டாடின், எதில் போலி என்று தெரியாது. ஒவ்வொரு நாளும் தொந்தரவுக்கு மதிப்பெண் போட்டார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8, போலி மாத்திரையில் 15.4, ஸ்டாடினில் 16.3. மாத்திரையை விழுங்குகிறோம் என்ற அச்சமே பெரும்பகுதி வலியை எழுப்பியது. வலி பொய்யல்ல; காரணம்தான் வேறு. தங்கள் சொந்த எண்களைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப்பேர் ஸ்டாடினுக்குத் திரும்பினார்கள்.

போலி மாத்திரை தயாரிக்கும் வசதி ஒரு சிறு ஊர் மருத்துவமனையில் இல்லை. எனவே மாத்திரை எடுப்பதும் எடுக்காததும் அவருக்குத் தெரிந்தே நடக்கும் சோதனைதான். நான்கு வாரம் ரோசுவாஸ்டாடினோடு, இரண்டு வாரம் இல்லாமல், மறுபடி நான்கு வாரம் அதோடு. எசெட்டிமைப் எல்லா நாளும். மாத்திரை இல்லாத இடைவெளியை இரண்டு வாரத்துக்குமேல் நீட்ட நான் விரும்பவில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது போதுமான துணிச்சல். உடற்பயிற்சி மாறாமல் இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனை: தினமும் மாலை முக்கால் மணி நேர நடை மட்டும், பஸ்கி இல்லை.

அவர் மதிப்பெண் பதிவேடு ஒன்றை எடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டார். தேதி, தொடை வலி பத்துக்கு எத்தனை, தூக்கம், நடந்த நேரம், வேறு வேலை என்று பத்திகள். "வேறு வேலை" என்ற பத்தி அவராகச் சேர்த்தது. கடைசியில் அதுதான் பேசியது. முதல் நான்கு வாரத்தில் வலி பெரும்பாலும் ஒன்றும் இரண்டும். மாத்திரை இல்லாத இரண்டு வாரத்திலும் அதேதான். அதில் இரண்டு நாள் மட்டும் ஐந்து. அந்த இரண்டு நாளுக்கும் எதிரே "விளையாட்டு விழா, நாள் முழுக்க நின்றேன்" என்று எழுதியிருந்தார். கடைசி நான்கு வாரத்தில் எதுவும் எழுதாத நாட்களே அதிகம். சி.கே. இரண்டு முறை பார்த்தோம், 190, 205. இரண்டுமே கடும் வேலையில்லாத நாட்களுக்குப் பிறகு.

அவரும் மனைவியும் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, மாத்திரையைத் தொடரலாம் என்று தாங்களாகவே சொன்னார்கள்.

உடற்பயிற்சியைப் பற்றிய கேள்வி

அவருக்கு உண்மையான கவலை இனிமேல்தான் தொடங்கியது. தசை வேலை செய்துதான் சம்பளம் வாங்குகிறார். ஸ்டாடினோடு பயிற்சி செய்தால் தசை தேறுமா, தேயுமா?

சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். 2013இல் வெளியான ஸ்டாம்ப் ஆய்வில் 420 பேருக்கு ஆறு மாதம் அட்டோர்வாஸ்டாடின் 80 மி.கி. அல்லது போலி மாத்திரை கொடுத்தார்கள். தசை வலி ஸ்டாடின் பக்கம் 9.4 சதவீதம், மறுபக்கம் 4.6. ஆனால் தசை வலிமையிலும் உடற்பயிற்சித் திறனிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு வந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு வேறு மாதிரி சொன்னது. உடல் பருமன் உள்ளவர்களைப் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்ய வைத்ததில், பயிற்சி மட்டும் செய்தவர்களின் மூச்சுத்திறன் 10 சதவீதம் உயர்ந்தது. சிம்வாஸ்டாடின் 40 மி.கி.யும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 1.5 சதவீதம்தான். முப்பத்தேழு பேர் கொண்ட ஆய்வு. ஒதுக்கிவிடவும் முடியாது, அதை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தவும் முடியாது.

அவரை நம்ப வைத்தது நெதர்லாந்து ஆய்வு. நைமேகன் நகரில் ஆண்டுதோறும் நான்கு நாள் நடைப்பயணம் நடக்கும். ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிலோமீட்டர். ஸ்டாடின் எடுத்து வலி உள்ளவர்கள், எடுத்தும் வலி இல்லாதவர்கள், எடுக்காதவர்கள் என மூன்று பிரிவினரையும் நடக்கும்போதே பரிசோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவு: நடையால் வந்த தசைச் சேதக் குறியீடுகள் மூவருக்கும் ஒரே மாதிரிதான் உயர்ந்தன. மிதமான பயிற்சி ஸ்டாடினோடு ஒத்துப்போகிறது.

மிதமான என்பதை அவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மாரத்தான் போன்ற உச்ச உழைப்புக்குப் பிறகு ஸ்டாடின் எடுப்பவர்களின் சி.கே. மற்றவர்களைவிட அதிகம் உயர்ந்ததைப் பார்த்த ஆய்வும் உண்டு. பஸ்கி பத்தில் தொடங்கட்டும் என்றேன். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. இரண்டு வாரம் வலி இல்லாவிட்டால் ஐந்து கூட்டலாம். மாணவர்களோடு போட்டி இல்லை. இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் அவர் நீண்ட நேரம் மௌனமாக இருந்தார்.

இப்போதைய நிலை

ரோசுவாஸ்டாடின் 5 மி.கி., எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ந்து எல்.டி.எல். 72 ஆனது. ரோசுவாஸ்டாடினை 10 மி.கி.க்கு உயர்த்திய பின் 58. இலக்கு 55க்குக் கீழ் என்றாலும், மேலும் உயர்த்த அவசரப்படவில்லை. உணவில் தேங்காயெண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.

ஸ்டாடினே முடியாது என்றாகியிருந்தால் பெம்பெடோயிக் அமிலம் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மருந்து ஒரு வழியாக இருந்திருக்கும். அதைச் செயலூக்கம் பெறச் செய்யும் நொதி ஈரலில் உண்டு, எலும்புத் தசையில் இல்லை. ஸ்டாடின் தாங்காத 13,970 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2023இல், மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் தசைநாண் அறுபடும் எச்சரிக்கை அதற்கு உண்டு. ஓடிக் குதிக்கும் ஆசிரியருக்கு அதைக் கடைசியில்தான் யோசித்திருப்பேன்.

முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்று இப்போதும் பார்க்கிறோம். சி.கே. இயல்புக்கு வந்த ஆறாவது வாரத்தில் ஒன்பது; கடைசியாகப் பார்த்தபோது பதினாறு. பஸ்கி முப்பதுக்கு வந்திருக்கிறார்.

நடைமுறையில் வந்த மாற்றங்கள்

"வேறு மாத்திரை உண்டா" என்ற பொதுக் கேள்வியை எங்கள் மருத்துவமனையில் கைவிட்டோம். அரிப்புக்கு, பல் வலிக்கு, இருமலுக்கு, மூட்டு வீக்கத்துக்கு வேறு யாரிடமாவது மருந்து வாங்கினீர்களா என்று தனித்தனியாகக் கேட்கிறோம். பல்லுக்கும் நெஞ்சுச் சளிக்கும் எழுதப்படும் கிளாரித்ரோமைசினும் இட்ராகோனசோல் செய்வதையே செய்யும். கீல்வாதத்துக்கான கோல்சிசின் ஸ்டாடினோடு சேர்ந்து தசையைப் பாதிக்கலாம். பையைக் கவிழ்க்கச் சொல்வதும் தொடர்கிறது. கூச்சப்பட்டு வாய் சொல்லாததைப் பை சொல்லிவிடுகிறது.

கடின உடலுழைப்போ விளையாட்டோ உள்ளவர்களுக்கு ஸ்டாடின் தொடங்கும் முன்பே ஒரு சி.கே. பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். அவர்களில் பலருக்கு இயல்பாகவே அது கூடுதலாக இருக்கும். பின்னால் 400 என்று வந்தால், எதிலிருந்து ஏறியது என்று தெரிய வேண்டும். இரத்தம் கொடுப்பதற்கு முன் மூன்று நான்கு நாள் கடும் பயிற்சி வேண்டாம் என்பதையும் சீட்டிலேயே எழுதுகிறோம். தசை வலியோடு எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் உயர்ந்து வந்தால், ஈரலுக்கு மருந்து தேடுவதற்கு முன் சி.கே. கேட்கிறோம்.

அந்தத் தோல் மருத்துவரும் இட்ராகோனசோல் எழுதும் முன் கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார். உண்டு என்றால் எங்களை அழைக்கிறார். சிம்வாஸ்டாடின் என்றால் அது முடியும் வரையிலும் அதன்பின் இரண்டு வாரமும் நிறுத்துகிறோம். அட்டோர்வாஸ்டாடின் என்றால் 20 மி.கி.க்குள் குறைக்கிறோம் அல்லது ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றுகிறோம். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்க வேண்டிய தேதியை அதே சீட்டில் எழுதி, நோயாளியின் வீட்டில் ஒருவருக்கும் சொல்லிவிடுகிறோம்.